டேங்க் தண்ணீரில் பிரஷர் வாஷர் ஓட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் கழுவ, வாசல் சிமெண்ட் தரையில் பிடித்த பாசியை எடுக்க, மொட்டை மாடியைப் பெயிண்ட் அடிக்கும் முன் சுத்தம் செய்ய என்று நிறைய வீடுகளுக்கு இப்போது பிரஷர் வாஷர், அதாவது தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சியடிக்கும் மெஷின், வந்துவிட்டது. ஆனால் அதோடு வரும் கையேடு, குழாயைத் திறந்தாலே வேகமாகத் தண்ணீர் அடிக்கும் ஊரை மனதில் வைத்து எழுதியது. நம் வீட்டில் தண்ணீர் வருவது மாடியில் நிற்கும் சின்டெக்ஸ் டேங்க்கிலிருந்து, இல்லையென்றால் சம்ப்பிலிருந்து, அதுவும் இல்லையென்றால் ஒரு நீல டிரம்மிலிருந்து. உறவுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதையும், நான் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் டேங்க் தண்ணீருக்கு பிரஷரே கிடையாது. மெஷின் வேலை செய்யுமா?

செய்யும். அழுத்தத்தை உண்டாக்குவது மெஷினின் வேலை. நீங்கள் அதற்குக் கொடுக்க வேண்டியது தண்ணீர், அதுவும் விடாமல், அது குடிக்கிற அளவுக்கு. வீட்டு உபயோக மெஷின்கள் பெரும்பாலும் 1,400 முதல் 1,800 வாட் வரை இருக்கும், 100 முதல் 140 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை அழுத்தம் கொடுக்கும், நிமிடத்துக்கு ஐந்தரை முதல் ஏழு லிட்டர் வரை தண்ணீர் இழுக்கும். மெஷினின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மணிக்கு 360 லிட்டர் என்று போட்டிருந்தால் 60ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு 6 லிட்டர்.

பத்து மீட்டர் உயரத்தில் நிற்கிற தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தரும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில் டேங்க் தண்ணீர் மட்டம் வாசல் குழாயைவிட நாலு மீட்டர் மேலே இருக்கும் என்று வைத்தால் 0.4 பார். இன்னொரு மாடி இருந்தால் 0.7 பார். மெஷின் கொடுக்கும் 110 பாருக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லைதான், ஆனால் குழாய் அகலமாகவும் தூரம் குறைவாகவும் இருந்தால் 6 லிட்டரைத் தள்ளிக் கொண்டுவர இந்த 0.4 பார் தாராளமாகப் போதும்.

போதுமான தண்ணீர் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வாளி, போன், அவ்வளவுதான். 10 லிட்டர் வாளியை எடுத்துக்கொண்டு, மெஷினில் மாட்டப் போகிற அதே ஹோஸின் அதே முனையை, மெஷின் நிற்கப் போகிற அதே இடத்தில் வைத்துப் பிடியுங்கள். குழாயடியில் பிடித்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் வருது" என்று சொல்பவர்கள் நிறைய பேர், அந்த அளவு எதற்கும் உதவாது, ஏனென்றால் தண்ணீர் தொலைவது ஹோஸுக்குள்ளேதான்.

வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் கவலை இல்லை. 75 வினாடி ஆனால் 6 லிட்டர் மெஷினுக்குச் சரி, 7 லிட்டர் மெஷினுக்கு மட்டுமட்டாகத்தான் இருக்கும். 100 வினாடி என்றால் சரியாக 6 லிட்டர்தான் வருகிறது, அதாவது உள்ளே யாராவது பாத்ரூம் குழாயைத் திறந்த நிமிடமே மெஷின் காய ஆரம்பிக்கும். இன்னொன்று, டேங்க் நிறைந்திருக்கும்போது ஒரு தரம், கால்வாசி இருக்கும்போது ஒரு தரம் என்று இரண்டு முறை பாருங்கள்.

வாசல் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது, ஹோஸ் மாட்டினால் மட்டும் குறைகிறது. ஏன்?

உரசல். அரை இஞ்ச் ஹோஸில் நிமிடத்துக்கு 7 லிட்டர் ஓடும்போது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரத்துக்கான அழுத்தம் உரசலிலேயே போய்விடும். 20 மீட்டர் ஹோஸ் என்றால் 2 மீட்டர் போச்சு. உங்கள் டேங்க் தண்ணீர் மொத்தமே நாலு மீட்டர் உயரத்தில் நிற்கிறது, அதில் பாதியை ஹோஸ் தின்றுவிட்டது, மீதியை வீட்டுச் சுவருக்குள் ஓடும் பைப்பும் எல்போக்களும் பாதி திறந்து கிடக்கும் வால்வும் பங்கு போட்டுக்கொள்ளும்.

அதே 20 மீட்டருக்கு முக்கால் இஞ்ச் ஹோஸ் போட்டால் 30 சென்டிமீட்டர்கூடப் போகாது. விட்டம் ஒன்றரை மடங்கு ஆனால் உரசல் ஏழில் ஒரு பங்காகிவிடும். எனக்கு இது முதலில் தெரியாது. 25 மீட்டர் அரை இஞ்ச் ஹோஸை வைத்து ஒரு கோடை முழுக்க ஓட்டி, மெஷின் விட்டு விட்டு அடிப்பதை நாஸில் (தண்ணீர் பீய்ச்சும் முனை) கோளாறு என்று நினைத்து இரண்டு நாஸில் மாற்றி, கடைசியில் பம்ப் சீல் போய்த் தண்ணீர் அடியில் ஒழுக ஆரம்பித்த பிறகுதான் மெக்கானிக் ஹோஸைக் காட்டினார். ஹோஸ் வாங்கும்போது அரை இஞ்ச்சுக்கும் முக்கால் இஞ்ச்சுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். பம்ப் விலையைப் பாருங்கள்.

வீட்டுக் குழாயின் வாயிலும் ஒரு சிக்கல் உண்டு. சில குழாய்களின் நுனியில் தண்ணீர் சிதறாமல் இருக்கச் சின்ன வலை வைத்திருப்பார்கள், சில குழாய்களில் உள்ளே வழியே பென்சில் அளவுதான் இருக்கும். முடிந்தால் பிளம்பரை அழைத்து, டேங்க்கிலிருந்து இறங்கும் பெரிய பைப்பில் ஒரு டீ (மூன்று வாயுள்ள பைப் இணைப்பு) போட்டு, தனியாக முக்கால் இஞ்ச் பால் வால்வும் ஹோஸ் காலரும் வைத்துவிடுங்கள். அரை நாள் வேலை, அதற்கப்புறம் தொல்லை இல்லை.

மெஷினை டேங்க் பக்கம் வைப்பதா, கார் பக்கம் வைப்பதா?

தண்ணீர் பக்கம். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உள்ளே வரும் வழியில் இருப்பது 0.4 பார், அதில் 0.2 பார் போனால் பாதி போய்விட்டது. வெளியே போகும் வழியில் இருப்பது 110 பார், அங்கே ஒன்றிரண்டு பார் போனால் உங்கள் கைக்கே தெரியாது. அதனால் வரும் ஹோஸைச் சுருக்குங்கள், போகும் ஹோஸை நீட்டுங்கள். உங்கள் மெஷினுக்குப் பொருந்துகிற 8 அல்லது 10 மீட்டர் நீட்டிப்பு ஹோஸ் கடையில் கிடைக்கும், அழுத்த அளவும் மாட்டும் முனையும் ஒத்துப் போகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

மொட்டை மாடியையே கழுவ வேண்டும். டேங்க்கும் மாடியில்தான் இருக்கிறது. தண்ணீர் இறங்க உயரமே இல்லையே?

குறைவுதான், ஆனால் போதும். இரண்டடி மேடையில் நிற்கும் டேங்க் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் தண்ணீர் மட்டம் தளத்திலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் மேலே நிற்கும். முக்கால் இஞ்ச் ஹோஸ், நீளம் ஐந்து மீட்டருக்குள், நடுவில் தேவையில்லாத குறுக்கல் எதுவும் இல்லை என்றால் 6 லிட்டர் வந்துவிடும். நான் ஒவ்வொரு வருடமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மாடித் தளத்தின் பாசியை இப்படித்தான் எடுக்கிறேன்.

டேங்க்கின் அடியில் கழுவி விடுவதற்கென்று ஒரு வாஷ் அவுட் வால்வு இருந்தால் அதிலேயே ஹோஸ் மாட்டலாம். ஆனால் அடியில் தங்கிய சேறும் மணலும் முதலில் அந்த வழியாகத்தான் வரும். நாலைந்து வாளி தண்ணீரைத் திறந்துவிட்டு, தெளிவாக வந்த பிறகு மாட்டுங்கள், நடுவில் ஃபில்டர் கட்டாயம். தண்ணீர் மட்டம் வாஷ் அவுட் பக்கம் இறங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள்.

டிரம்மிலிருந்து இழுக்குமா?

எல்லா மெஷினும் இழுக்காது. கையேட்டில் திறந்த பாத்திரத்திலிருந்து தண்ணீர் உறிஞ்சலாம் என்று இருந்தால்தான் முயற்சி செய்ய வேண்டும். அப்படி இருந்தாலும் உயரம் ரொம்பக் குறைவு. கார்ச்சர் கம்பெனியின் கே வரிசை வீட்டு மெஷின்களுக்கு அதிகபட்ச உறிஞ்சும் உயரம் அரை மீட்டர்தான்.

டிரம்மை நாலு செங்கல் அடுக்கின மேடையில் ஏற்றி வைத்து, அடியில் ஒரு டேங்க் நிப்பிளும் பால் வால்வும் போட்டுவிட்டால் உறிஞ்ச வேண்டிய தேவையே இல்லை, தண்ணீர் தானாக இறங்கி வரும். எந்த மெஷினும் ஓடும். நான் எப்போதும் சொல்வது இதைத்தான். டிரம் ஓட்டை போட மனமில்லை என்றால் உறிஞ்சுவதற்கென்று விற்கும் ஹோஸ் வாங்குங்கள், உள்ளே கம்பிச் சுருள் இருக்கும், முனையில் ஃபில்டரும் தண்ணீர் திரும்ப ஓடாமல் தடுக்கும் வால்வும் இருக்கும். சாதாரணப் பச்சை ஹோஸ் இழுக்கும்போது தட்டையாக ஒட்டிக்கொள்ளும்.

ஆரம்பிக்கும் விதமும் முக்கியம். ஹோஸை முழுசாகத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழ் நிற்கும்வரை வைத்திருந்து, தண்ணீர் நிறைந்த ஹோஸை அப்படியே மெஷினில் மாட்டுங்கள். அப்புறம் தண்ணீர் அடிக்கும் துப்பாக்கியின் முனையில் இருக்கும் நாஸில் குழலைக் கழற்றிவிட்டு, டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போடுங்கள். தண்ணீர் புளிச் புளிச் என்று காற்றோடு வரும், பிறகு ஒரே சீராக வரும், அப்போது நிறுத்தி நாஸிலை மாட்டுங்கள். ஒரு நிமிடம் ஆகியும் தண்ணீர் சீராகவில்லை என்றால் எங்கேயோ காற்று உள்ளே போகிறது: இணைப்பில் இருக்கும் ரப்பர் வாஷர், ஹோஸ் கிளிப், மரை, இந்த மூன்றையும் பாருங்கள். தண்ணீர் வெளியே கசியாத இணைப்புகூடக் காற்றை உள்ளே விடும் என்பதால் கண்ணால் பார்த்து நல்லா இருக்கு என்று முடிவு செய்யாதீர்கள், டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

மேலிருந்து இறங்கி வரும் ஹோஸிலும் காற்று அடைக்கும். ஹோஸ் நடுவில் ஒரு சுவர்மேல் ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கும். வழி முழுக்க இறக்கமாகவே இருக்கும்படி போடுங்கள்.

ஆறடி ஆழ சம்ப்பில் ஹோஸை விட்டால்?

வேண்டாம். சம்ப் முழுக்க நிறைந்திருக்கும் நாளில் ஒருவேளை இழுக்கும், தண்ணீர் ஓரடி இறங்கியதும் காற்றைக் குடிக்கும். மற்ற மோட்டார் எல்லாம் இழுக்கிறதே என்று கேட்பார்கள். பிரஷர் வாஷருக்குள் இருப்பது குட்டிக் குட்டிப் பிஸ்டன்கள், அவை தண்ணீரை அழுத்தித் தள்ளச் செய்யப்பட்டவை, நீளமான காலி ஹோஸில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் வேலைக்கு ஆனவை அல்ல. சம்ப் தண்ணீர்தான் வேண்டும் என்றால் மோட்டார் போட்டு ஒரு டிரம்மில் ஏற்றிக்கொள்ளுங்கள், டிரம்மிலிருந்து மெஷினுக்கு விடுங்கள்.

டுல்லு பம்ப்பையோ சின்ன சப்மெர்சிபிளையோ நேரடியாக மெஷினில் மாட்டலாமா?

மாட்டலாம், ஒரு ஏற்பாட்டோடு. நீங்கள் டிரிக்கரை விட்டதும் மெஷின் தண்ணீர் வாங்குவதை நிறுத்திவிடும், பின்னால் இருக்கும் பம்ப் மட்டும் அடைத்த குழாயில் தள்ளிக்கொண்டே இருந்து சூடாகும். அதனால் பம்ப்புக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு டீ போட்டு, ஒரு கிளையைத் திரும்ப சம்ப்புக்கே விடுங்கள், அதில் ஒரு வால்வை வைத்து மெஷினுக்குத் தேவையான அளவு போகும்படி சரிசெய்துகொள்ளலாம். தானாக நின்று தானாக ஓடும் பிரஷர் பூஸ்டர் பம்ப் வீட்டில் இருந்தால் இந்த ஏற்பாடுகூட வேண்டாம், அது கொடுக்கும் இரண்டு மூன்று பாரை மெஷின் சாதாரணமாகத் தாங்கும். கையேட்டில் அதிகபட்ச உள்வரும் அழுத்தம் என்று ஓர் எண் இருக்கும், பல மெஷின்களுக்கு அது 10 பாருக்குப் பக்கத்தில்.

தெருவில் வரும் குடிநீர் லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது மட்டும் கூடாது. அது சட்டப்படியும் தப்பு, கடைசி வீட்டுக்காரருக்குத் தண்ணீர் போகாமல் செய்வதும் தப்பு.

தண்ணீர் குறைந்தால் மெஷினுக்கு என்ன ஆகும்? நாமாகக் கண்டுபிடிக்க முடியுமா?

காது கொடுத்தால் தெரியும். நல்லபடி ஓடும் மெஷினின் சத்தம் ஒரே சுதியில் இருக்கும். தண்ணீர் பற்றாதபோது சத்தம் ஏறி இறங்கும், ஹோஸ் கையில் துள்ளும், பீய்ச்சல் விட்டு விட்டு அடிக்கும், சில சமயம் உள்ளே சரளைக்கல் உருள்வது போலக் கேட்கும். அந்தச் சரளைச் சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பிஸ்டன் பின்னால் இழுக்கிறது, அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் வரவில்லை, அழுத்தம் விழுந்து உள்ளே இருக்கும் கொஞ்சத் தண்ணீரும் ஆவிக் குமிழாகிறது, அடுத்த தள்ளலில் அந்தக் குமிழ்கள் நொறுங்குகின்றன. ஒவ்வொரு நொறுங்கலும் வால்விலும் பம்ப் சுவரிலும் ஊசி முனை அளவு அடி. ஒரு நாளில் எதுவும் ஆகாது. ஒரு கோடையில் ஆகும்.

சுத்தமாகத் தண்ணீர் நின்றுவிட்டால் நிலைமை வேறு. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீலுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சியும் வழவழப்பும். காய்ந்து ஓடினால் நிமிடக் கணக்கில் சீல் கருகும். அதனால் டேங்க் காலியாகும் நேரத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லை டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

போர் தண்ணீர் பரவாயில்லையா?

மணல் வராத போர் என்றால் பரவாயில்லை. மணல்தான் எமன். பிஸ்டனையும் சீலையும் அரம் போல ராவிவிடும். மெஷினின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும், அது பெரிய தூசியை மட்டும் பிடிக்கும். அதற்கு முன்னால், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடி மாதிரிக் கிண்ணம் வைத்த ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள், முக்கால் இஞ்ச் வாயுள்ளதாகப் பார்த்து. வாட்டர் பியூரிஃபையருக்குப் போடும் பஞ்சு ஃபில்டர் வேண்டாம், மேலிருந்து இறங்கும் குறைந்த அழுத்தத்தில் அது தண்ணீரையே நிறுத்திவிடும். ஃபில்டர் போட்ட பிறகு வாளிச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

உப்புத் தண்ணீர் என்றால் வேலை முடிந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரை மெஷின் வழியாக ஓட்டுங்கள். நாஸில் துளையில் வெள்ளையாகப் படிவது உள்ளேயும் படியும்.

கோடை மத்தியானத்தில் டேங்க் தண்ணீர் சுடுகிறது. ஓட்டலாமா?

சாயங்காலம் வரை பொறுங்கள். வீட்டு மெஷின்கள் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே வரும் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. கத்திரி வெயிலில் கறுப்பு டேங்க்கும் வெயிலில் கிடக்கும் ஹோஸும் அதைச் சுலபமாகத் தாண்டும், அதுவும் ஹோஸில் தேங்கிய முதல் சில லிட்டர் கையைச் சுடும். சூடான தண்ணீர் சீக்கிரம் ஆவிக் குமிழாகும் என்பதால் மேலே சொன்ன சேதமும் சீக்கிரம் வரும். காலையில் கழுவுவதுதான் நல்லது, காரின் பெயிண்டுக்கும் அதுதான் நல்லது.

ஒரு கார் கழுவ எவ்வளவு தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும்?

டிரிக்கரை அழுத்திய நேரத்தை மட்டும் கணக்குப் பண்ணுங்கள். 6 லிட்டர் மெஷினில் பத்து நிமிடம் அடித்தால் 60 லிட்டர். கார் ஒன்றுக்கு அது போதும், பைக்குக்கு 20, 25 லிட்டர். 200 லிட்டர் டிரம் 33 நிமிடம் வரும். பாசி பிடித்த தரைதான் தண்ணீரைத் தின்னும், முந்நூறு சதுர அடிக்கு ஒரு மணி நேரம் ஆனால் 360 லிட்டர்.

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதனால் என் விருப்பம், கழுவுவதற்கென்று ஒரு டிரம் தனியாக வைத்து அதில் மழைத்தண்ணீரைப் பிடிப்பது.

மழைத்தண்ணீர் மெஷினுக்கு ஒத்துக்கொள்ளுமா?

போர் தண்ணீரைவிட நன்றாகவே ஒத்துக்கொள்ளும். உப்பு இல்லை, நாஸிலில் படிவு இல்லை, கார் கண்ணாடியில் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளி இல்லை. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதால் மாடியிலிருந்து இறங்கும் பைப் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கும், அதில் ஒரு கிளையை டிரம்முக்குத் திருப்பினால் போதும். மாடியின் தூசியும் பறவை எச்சமும் வருகிற முதல் மழையை விட்டுவிடுங்கள். டிரம்மின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். குழாயை அடியிலிருந்து நாலு விரல் மேலே வையுங்கள், வண்டல் அடியிலேயே கிடக்கட்டும்.

ஷாம்பூ தண்ணீர் வீட்டு டேங்க்குக்குத் திரும்பிப் போகுமா?

வாய்ப்பு குறைவு, ஆனால் அதே டேங்க்கிலிருந்துதான் சமையலறைக்கும் தண்ணீர் போகிறது என்றால் ஒரு என்ஆர்வி (தண்ணீர் திரும்ப ஓடாமல் தடுக்கும் வால்வு) போட்டுவிடுங்கள். விலை அதிகமில்லை. அம்புக்குறி மெஷின் பக்கம் பார்க்க வேண்டும். எளிதில் திறக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள், ஸ்பிரிங் இறுக்கமான வால்வு குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறக்காது.

வேலை முடிந்ததும் எதை முதலில் நிறுத்துவது?

முதலில் மெஷின் சுவிட்ச், பிறகு தண்ணீர் வால்வு. மாற்றிச் செய்தால் மெஷின் காய்ந்து ஓடும். இரண்டையும் நிறுத்தின பிறகு டிரிக்கரை ஒரு தரம் அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியே விடுங்கள், அப்போதுதான் ஹோஸ் கழற்ற வரும், சீலும் அழுத்தத்திலேயே கிடக்காது. அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கிண்ணத்தைத் திறந்து, அடியில் தங்கின மணலைக் கொட்டிவிட்டு உள்ளே எடுத்து வையுங்கள்.